எல்லை தாண்டும் சொகுசு

பழைய பி.எம்.டபிள்யூ.வும் ஆடியும் பென்ஸும் கேரள எல்லைக் கிராமங்களுக்குச் சுலபமாக வந்துவிடுகின்றன. அவற்றின் காகிதங்கள்தான் பல நேரம் வழியில் நின்றுவிடுகின்றன.

களியக்காவிளை சந்தையைத் தாண்டித் திருவனந்தபுரம் சாலையில் சில நிமிடங்கள் நடந்தால் போதும், மாநிலம் மாறிவிடும். கடைப் பலகைகளில் தமிழ் குறைந்து மலையாளம் கூடுகிறது. அதைத் தவிரப் பெரிய மாற்றம் கண்ணில் படாது. இஞ்சிவிளையிலும் பாறசாலையிலும் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு மொழியும் தெரியும். அதைவிட முக்கியமாக, இரண்டு மாநிலத்து விலையும் தெரியும்.

1956 நவம்பர் 1ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்றைக்குப் போட்ட கோடு உறவுகளை அறுக்கவில்லை. ஆனால் விலைகளைப் பிரித்துவிட்டது. எந்தப் பொருளுக்கு எந்தப் பக்கம் விலை குறைவோ, அந்தப் பக்கத்திலிருந்து அது மறுபக்கம் போகும். தமிழக ரேஷன் அரிசி இருட்டில் போகிறது. பெட்ரோல் போட கேரள வண்டிகள் பட்டப்பகலில் களியக்காவிளைக்கு வருகின்றன. இந்த வரிசையில் சேர்ந்திருக்கும் கொஞ்சம் ஆடம்பரமான சரக்கு, பழைய சொகுசுக் கார்.

ஆடம்பரம் என்றாலும் கோடீஸ்வரர்களின் கார்கள் அல்ல இவை. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், ஆடி ஏ4, மெர்சிடிஸ் சி கிளாஸ், வால்வோ எஸ்60, ஜாகுவார் எக்ஸ்.இ. என்று அந்தந்த கம்பெனியின் படிக்கட்டில் கீழ்ப்படிகளில் நிற்கும் செடான்கள். எப்போதாவது இரண்டு கதவு ஆடி டி.டி. ஒன்று கண்ணில் படும். ஓட்டுவதில் சுகம் காண்பவர்களின் வண்டிகள். வளைகுடாவில் பத்து வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பியவர், சொந்தக் கிளினிக் போட்ட டாக்டர், கான்ட்ராக்டர் இவர்களுக்கெல்லாம் புது இன்னோவாவின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ ஒரு பழைய ஜெர்மன் கார் கிடைக்கும்போது சபலம் தட்டுவது இயல்புதான்.

விலை ஏன் இப்படிச் சரிகிறது? புதிதாக வாங்கும்போது சொகுசுக் காரின் விலையில் பெரும் பங்கு வரி. ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் அந்த வரிக்கு மதிப்பில்லை. ஐந்தாறு ஆண்டில் கம்பெனியின் வாரன்டி முடிகிறது. பராமரிப்புச் செலவுக்குப் பயந்து முதல் உரிமையாளர் கைகழுவுகிறார். தில்லியிலிருந்து வரும் கார்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்து ஆண்டு தாண்டிய டீசல் வாகனங்கள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2015ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025ல் கெடுபிடி ஓரளவு தளர்ந்தது என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் வயது நெருங்கிய டீசல் கார்கள் கிடைத்த விலைக்குத் தெற்கே வந்தன. அப்போது ஒன்பது வயது ஆகியிருந்த ஒரு தில்லி 320டி, சொந்த ஊரில் சாகக் கிடக்கும் கார். பாறசாலையில் இன்னும் பல வருஷம் ஓடக்கூடிய கார்.

2025 செப்டம்பர் 22 முதல் புது சொகுசுக் கார்களின் வரியும் மாறியிருக்கிறது. ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 40 சதவீதம். புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரும் இறங்கித்தானே ஆக வேண்டும்? அதற்கு முந்தைய விலைப் பட்டியலைக் காட்டிப் பேரம் பேசும் வியாபாரியிடம் இந்தத் தேதியைச் சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் எல்லையில் கார் வாங்குகிறவரைக் கவிழ்ப்பது காரின் விலை அல்ல, நம்பர் பிளேட். பாறசாலை சப் ஆர்.டி.ஓ.வின் எண் கே.எல். 19. நெய்யாற்றின்கரை கே.எல். 20. கோட்டுக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டம் டி.என். 75, நாகர்கோவில் டி.என். 74. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு கார்களில் கே.எல். எண் உள்ளதற்குக் கேரளத்தில் விலை அதிகம். வெளிமாநில எண் உள்ளதற்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் குறைவாகச் சொல்வார்கள். இதைத் தள்ளுபடி என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது விற்பவர் கட்டாத வரி. வாங்குபவர் தலையில் ஏறக் காத்திருப்பது.

கணக்கைப் பார்க்கலாம். கேரளத்தில் சொந்த உபயோகக் கார்களுக்கு 15 ஆண்டு வரியை ஒரேயடியாகக் கட்ட வேண்டும். காரின் விலை கூடக் கூட சதவீதமும் கூடும். 20 லட்சத்தைத் தாண்டிய கார்களுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட எல்லாக் கார்களுக்கும் 15 சதவீதம் என்று இருந்ததை 2023 நவம்பரில் மாற்றி, 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் ஆக்கினார்கள். வேறு மாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயதுக்கேற்ப இந்த வரி குறையும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கு ஆரம்பமாவது, கார் புதிதாக விற்கப்பட்ட விலையிலிருந்து. நீங்கள் செகண்ட் ஹேண்டில் கொடுத்த விலையிலிருந்து அல்ல.

புதிதில் ரூ. 40 லட்சம் விலையிருந்த ஒரு காரை ஏழெட்டு ஆண்டுக்குப் பிறகு ரூ. 14 லட்சத்துக்குத் தமிழ்நாட்டில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கே.எல். எண்ணுள்ள அதே கார் நெய்யாற்றின்கரையில் ரூ. 17 லட்சம். மூன்று லட்சம் மிச்சம் என்று மகிழ்ச்சி. 40 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு 8 லட்சம். 15 ஆண்டில் பாதிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ பாக்கி என்றால், தோராயமாக 4 லட்சம் கேரளத்துக்குக் கட்ட வேண்டிவரும். சரியான தொகை அட்டவணையைப் பொறுத்தது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் மூன்று லட்சம் மிச்சம் ஒரு லட்சம் நஷ்டமாக மாறும் திசை மட்டும் நிச்சயம். காரை விட்டுப்போன மாநிலத்தில் மீதிக் காலத்துக்குரிய வரியைத் திரும்பக் கேட்க விதி உண்டு. அது மறுபதிவுக்குப் பிறகு, விண்ணப்பம் கொடுத்து, காத்திருந்து வாங்க வேண்டிய பணம். வந்தால் விற்றவருக்கா வாங்கியவருக்கா என்பதை விலை பேசும்போதே எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள் பிறகு போனில் சண்டை போடுகிறார்கள்.

பி.எச். என்று தொடங்கும் பாரத் வரிசை எண்ணுள்ள காரும் சந்தைக்கு வருகிறது. 2021ல் வந்த இந்த வரிசையில் இரண்டிரண்டு வருஷமாகத்தான் வரி கட்டுகிறார்கள். மத்திய அரசு ஊழியர் போன்ற தகுதி வாங்குபவருக்கு இல்லையென்றால், மாநில எண்ணுக்கு மாறி மீதி வரியைக் கட்ட வேண்டும். விலை குறைவின் ரகசியம் அங்கேயும் அதுதான்.

வரியைக் கட்டாமலே ஓட்டினால் என்ன? எல்லைக் கிராமங்களில் இந்தக் கேள்வி ரகசியமாகக் கேட்கப்படுவதில்லை. டீக்கடையில் கிடைக்கும் சட்ட ஆலோசனை, வெளிமாநில வண்டியை ஒரு வருஷம் தாராளமாக ஓட்டலாம் என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவில் 12 மாதம் என்ற சொல் இருப்பது உண்மை. அது ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை இன்னொரு மாநிலத்தில் தொடர்ந்து வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டிய கெடு. கை மாறிய காருக்கு 50வது பிரிவு வேறு கெடு வைக்கிறது. வாங்கியவர் தான் வசிக்கும் பகுதியின் பதிவு அதிகாரிக்கு 30 நாளில் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்றவர் 45 நாளுக்குள் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. தொடர்பான ஆவணங்களை அனுப்ப வேண்டும். வரிக்குத் தனிச் சட்டம், தனிக் கெடு. 40வது பிரிவு இன்னும் நேரடியானது: காரை வழக்கமாக எங்கே நிறுத்துகிறீர்களோ, எங்கே வசிக்கிறீர்களோ, எங்கே தொழில் செய்கிறீர்களோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும்.

தனுவச்சபுரத்தில் வீடு, களியக்காவிளையில் மாமியார் வீடு என்று இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு ஒரு தொந்தரவு. மாமியார் வீட்டு முகவரியில் டி.என். எண்ணிலேயே காரை வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை யாருக்கும் வரும். உண்மையிலேயே அங்கே வசித்தால் குற்றமில்லை. முகவரிக்காக மட்டும் முகவரி வைத்தால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது. கேரளத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏராளமான சொகுசுக் கார்கள் புதுச்சேரி எண்ணில் இருந்தன. அங்கே வரி மிகக் குறைவு. கோடி ரூபாய் காருக்குக் கேரளத்தில் 20 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் புதுச்சேரியில் ஒன்றிரண்டு லட்சத்தோடு முடிந்தது. திரை நட்சத்திரங்களின் கார்களும் பட்டியலில் இருந்ததால் விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. புதுச்சேரி முகவரிகள் உண்மையா என்று கேரள போலீஸ் விசாரித்தது. சிலர் கேரளத்துக்கு வரியைக் கட்டிவிட்டு ஒதுங்கினர். அன்று புதுக் காராக இருந்தவை இன்று செகண்ட் ஹேண்டாக, தேர்டு ஹேண்டாகச் சந்தையில் சுற்றுகின்றன. பி.ஒய். எண்ணுள்ள கார் மலிவாகக் கிடைத்தால் அந்தப் பழைய கணக்கு தீர்ந்ததா என்று பார்ப்பது வாங்குபவர் வேலை.

2025 செப்டம்பர் 23ம் தேதி வந்த அதிர்ச்சி இதைவிடப் பெரியது. பூடான் மொழியில் வாகனம் என்று பொருள்படும் 'நும்கோர்' என்ற பெயரில் சுங்கத் துறை கேரளம் முழுவதும் சோதனை நடத்தி ஒரே நாளில் 36 வாகனங்களைக் கைப்பற்றியது. பூடான் வழியாகக் கள்ளத்தனமாக வந்து, போலி ஆவணங்களால் வட மாநிலங்களில் பதிவாகி, பிறகு கேரளத்தில் விற்கப்பட்டவை என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு. ஆவணங்களைப் பார்த்து நல்லெண்ணத்தில்தான் வாங்கினேன் என்று ஒரு நட்சத்திரம் உயர் நீதிமன்றப் படியேறினார். பெரும்பாலும் லேண்ட் குரூசர், டிஃபென்டர் ரகங்கள். 3 சீரிஸ் வாங்குகிறவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தக் கார்களுக்கும் ஆர்.சி. இருந்தது, எண் இருந்தது. ஆர்.சி. இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த ஆர்.சி. எந்த ஆர்.டி.ஓ.விலிருந்து எந்த இன்வாய்ஸை வைத்து வழங்கப்பட்டது, அதற்கு முன் யார் பெயரில் இருந்தது என்று பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் பதிவு வட கோடி மாநிலத்தில், முதல் உரிமையாளர் ஏதோ ஓர் அரசு அமைப்பு, கார் மட்டும் எப்போதும் கேரளத்தில் என்றால், விலை எவ்வளவு இனித்தாலும் நகர்ந்துவிடுவது நல்லது.

ஒழுங்காக வாங்க நினைப்பவரின் பாதை நீளம்தான், ஆனால் புதிர் இல்லை. விற்பவர் பதிவான ஆர்.டி.ஓ.வில் 28ம் எண் படிவத்தில் என்.ஓ.சி. கேட்க வேண்டும். கடன் இருந்தால் பேங்க் கையெழுத்திட்ட 35ம் படிவத்தைக் கொடுத்து ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். கட்டாத அபராதங்கள் தீர வேண்டும். திருட்டு வாகனப் பட்டியலில் இல்லை என்று போலீஸ் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது 48வது பிரிவு. சட்டத்தில் அப்படி, ஆனால் கையில் தாள் இல்லாமல் பாறசாலை அலுவலகக் கவுன்டரில் இந்தப் பிரிவை ஒப்பித்துக் காரியம் சாதிப்பது எத்தனை பேரால் முடியும்? ஆகவே என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காமல் இருப்பதே வாங்குபவரின் ஒரே பிடி. முன்பணம் கொடுத்து, மீதியை என்.ஓ.சி. வந்த பிறகு என்று எழுதிக்கொள்வதற்கு விற்பவர் மறுத்தால் காரணத்தை யோசிக்க வேண்டும்.

விற்பவருக்கும் இதில் பயம் உண்டு, இருக்கவும் வேண்டும். நாகர்கோவில்காரர் ஒருவர் 29, 30 எண் படிவங்களில் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுப் புரோக்கரிடம் காரை விடுகிறார் என்று கொள்வோம். எல்லைச் சந்தையில் இது சாதாரணம். கார் இரண்டு கை மாறி ஓடுகிறது, ஆர்.சி.யில் பழையவர் பெயரே நிற்கிறது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுகின்றன. சீட் பெல்ட் போடாமல் நெய்யாற்றின்கரையில் யாரோ ஓட்டியதற்கு நாகர்கோவிலில் அவருக்குச் செய்தி வரும். அபராதத்தோடு போனால் பரவாயில்லை. விபத்து நடந்து, இன்சூரன்ஸும் இல்லாமல் போனால் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு யார்? 2018 பிப்ரவரியில் நவீன்குமார் - விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. கார் எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு.

2023 ஏப்ரல் முதல் செகண்ட் ஹேண்ட் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. காரை அவர்களிடம் ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவித்துவிட்டால், அது மறுபடி விற்கும்வரை வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்பவருக்கு இது நல்ல கவசம். ஆனால் அங்கீகாரச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கும் கடையும் உண்டு. ஆலமரத்தடியில் போனோடு நிற்கும் புரோக்கரும் உண்டு. வியாபாரியிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது, மொத்த விலையின் மீது அல்ல. தனியாருக்குள் நடக்கும் விற்பனைக்கு அது கிடையாது.

இனி கார். பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸுக்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு: 2007 மார்ச்சில் சிங்கப்பெருமாள்கோவில் அருகே திறந்த தொழிற்சாலையில் முதலில் தயாரானது அதுதான். சொந்த ஊர்க் கார் என்பதற்காக நம்பிவிட முடியாது. 2007க்குப் பிறகு ஏழெட்டு ஆண்டுகள் 320டி காரில் வந்த என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். அறுந்தால் எஞ்சினே போய்விடும். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கமிருந்து உரசும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக்கி வைத்த காரைக் காட்டினால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அதே காலத்து ஆடி ஏ4 டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் ஆயில் குடிப்பதில் பெயர் பெற்றவை. அன்றைய சி கிளாஸில் ஸ்டியரிங் லாக் மோட்டார் செத்தால் சாவி திரும்பாது. கார் இருந்த இடத்தில் இருக்கும்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கும் திரும்பியும் மட்டுமே ஓட்டப்போகிறவர் 2020க்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசலை யோசித்தே வாங்க வேண்டும். அவற்றில் புகைக் கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது எரிந்து சுத்தமாக நீண்ட தூரம், சீரான வேகம் தேவை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும். இந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் கார் மேல். பி.எம்.டபிள்யூ.வின் ரன் ஃபிளாட் டயரில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும், ஆனால் குழியில் விழுந்து பக்கவாட்டில் வெடித்தால் புதுசுதான். ஏற்ற இறக்கமான செம்மண் சந்துக்குள் வீடு இருப்பவர்கள், காரை வாங்கும் முன் ஒரு தடவை வீட்டு வாசல்வரை ஓட்டிப் பார்ப்பது வெட்கப்பட வேண்டிய காரியமில்லை. அடிப்பகுதி தட்டுகிறதா என்று அங்கேதான் தெரியும்.

தண்ணீரில் மூழ்கிய கார் தனிக் கவலை. 2015ல் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மறுபடி சென்னை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு நஷ்டம் என்று எழுதிய கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து வேறு மாநிலத்தில் தலைகாட்டுவது இந்தத் தொழிலில் பழைய கதை. சொகுசுக் காரில் எலெக்ட்ரானிக்ஸ் அதிகம். ஈரம் பட்ட வயரிங் ஒரு வருஷம் கழித்துக்கூடக் கைவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்சுருளில் சேற்றுக் கோடு தெரியலாம். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துருப்பிடித்திருக்கலாம். டிக்கியின் விரிப்புக்கு அடியில் கை விட்டுப் பார்க்கலாம். இவற்றையெல்லாம் மாற்றிவிட்டாலும் சேசிஸ் நம்பரை வைத்து அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கேட்டால் கார் எப்போது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற பதிவு கிடைக்கக்கூடும். உரிமையாளரின் சம்மதம் தேவைப்படலாம். சம்மதிக்காத உரிமையாளரிடம் வாங்க வேண்டாம். மீட்டரைத் திருப்பியவர்கள் காரின் மற்ற கம்ப்யூட்டர் பகுதிகளில் பதிவான கிலோமீட்டரைத் திருப்ப மறந்துவிடுவதுண்டு. ஸ்கேனர் போட்டால் பிடிபடும்.

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் 30 கிலோமீட்டர். பரிசோதனைக்குக் கொண்டுபோவதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பல லட்சம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் இந்தச் சில ஆயிரத்தில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்பது வேடிக்கை.

இன்சூரன்ஸில் ஒரு நுணுக்கம் பாக்கி. பெயர் மாறியதும் மூன்றாம் நபர் பாலிசி தானாகவே புதியவருக்கு வரும். ஆனால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக வராது. முந்தையவரின் நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும். பிரீமியம் ஏறும். ஜெர்மன் காரின் ஹெட்லைட் ஒன்று லட்சத்தைத் தொடுகிற காலத்தில், பழைய பாலிசியை நம்பி அமரவிளைப் பாலத்தில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது தைரியம்தான்.

என்.ஓ.சி. வந்து, வரி கட்டி, 27ம் படிவத்தில் புது எண்ணுக்கு விண்ணப்பித்து, இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பார்த்த பிறகு கே.எல். 19 பிளேட் ஏறும். அதுவரை பல வாரம், சில வேளை மாதங்கள், கார் போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்குள் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர்கள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.